ஒரே கூண்டில் நின்ற இரண்டு பேர்

தீர்ப்பு வாசித்த அன்று குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் என் கணவர். இரண்டு பேர் மேலும் ஒரே வழக்கு, ஒரே பிரிவு. இரண்டு பேருமே குற்றம் செய்தவர்கள் என்று சொன்ன நீதிபதி, அண்ணனை நன்னடத்தை ஜாமீனில் வீட்டுக்குப் போகச் சொன்னார். என் கணவருக்கு இரண்டு வருடம் கடுங்காவல்.

முதலில் அண்ணனுடைய தண்டனையைத்தான் வாசித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கும் மூச்சு வந்தது. அண்ணனையே விட்டுவிட்டார்கள் என்றால் இவரையும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்ததை வாசித்தபோது அம்மாவின் கை இன்னும் என் கை மேலேயே இருந்தது. ஆனால் அவள் முகம் அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அடுத்தது காதில் விழவே இல்லை.

எங்கள் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் எனக்கு அத்தை மகன். அத்தை வாழ்க்கைப்பட்டது வேங்கைவாசலில் நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் அப்பா படித்து வேலைக்குப் போய், சேலையூரில் காலனி வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். அண்ணன் பி.காம். முடித்து அரசாங்க ஆபீசில் கிளார்க் ஆனார். அத்தை வீட்டில் நிலம் மனை மனையாகப் போனதும் இவர் ஒரு டெம்போ வாங்கி ஓட்டினார். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அண்ணன் இவரை "மாப்பிள்ளை" என்பார், இவர் அண்ணனை "மச்சான்" என்பார். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம்தான்.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மனைக்காரர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் காம்பவுண்டுச் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டார் என்று அண்ணனுக்குக் கோபம். தினமும் வாய்ச்சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஆள் அனுப்பினார், "மாப்பிள்ளைய வரச் சொல்லு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம்" என்று. இவர் போனார். சாப்பிடாமல் போகிறாரே என்று நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துப் போனேன்.

செங்கல் அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டித் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மனிதர் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அண்ணன் கையில் ஒரு சவுக்குக் கட்டை, இவர் கையில் ஒரு சவுக்குக் கட்டை. சாரம் கட்ட வைத்திருந்தவை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மனிதரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

கோர்ட்டில் அவர் சாட்சி சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கட்டையால அடிச்சாங்க. எந்த அடியில கை உடைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது." நீதிபதி அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்துதான் உடைத்தார்கள் என்று தீர்ப்பில் இருந்தது. தண்டனை என்று வந்தபோதுதான் வித்தியாசம். அண்ணன் பட்டதாரி, அரசாங்க வேலை, வயதான தாயைக் காப்பாற்றுகிறவர், இதுவரை எந்த வழக்கிலும் சிக்காதவர். நன்னடத்தை அதிகாரியும் நல்லவிதமாக எழுதிக் கொடுத்திருந்தார். இவர் டெம்போ டிரைவர். ஸ்டாண்டில் நடந்த ஒரு கைகலப்பில் முன்பே அபராதம் கட்டியவர். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் நாலு பேரும் ஒன்றாக வந்தோம். அம்மா வீட்டில் இறங்கச் சொன்னார்கள். அம்மா அண்ணனுக்கு முதலில் தட்டு வைத்து, "ஒருத்தனாவது வந்தானே, அந்த மட்டுக்கும்" என்றாள். அவள் பெற்றவள். சொல்லத்தான் சொல்வாள். எனக்கு முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. நான் சாப்பிட்டேன். அண்ணி ரசம் ஊற்றியபோது வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்போது நான் தாம்பரம் சானடோரியம் பக்கம் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் இருந்தேன். காலர் வைக்கிற லைன். "உன் வூட்டுக்காரர் எங்க, டெம்போவையே காணோம்?" என்று கேட்டவளிடம் துபாய் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் அதுதான் வந்தது. பிறகு அதை நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒருத்தி வரும்போது சென்ட் பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். இன்னொருத்தி தம்பிக்கு ஒரு வாக்மேன் வேண்டும் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மனு போட்டு ஜெயிலில் பார்க்கப் போவேன். தாம்பரத்திலிருந்து ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சென்ட்ரல் ஜெயில். வெளியே பெண்கள் வரிசை. எல்லார் கையிலும் ஒரு பிஸ்கட் பொட்டலம், வாழைப்பழம். முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பேன். ஒரு நாள் நிமிர்ந்தபோது எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி எங்கள் கம்பெனியில் பட்டன் வைக்கிற பெண் நின்றாள். அவள் புருஷன் லாரியில் வடக்கே போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அவளே சத்தமாகக் கேட்டாள்: "அக்கா, துபாய்லேர்ந்து லெட்டர் வந்துச்சா?"

"வந்துது" என்றேன். "உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்காரு?"

"நாக்பூராம்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. அவளும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அப்பீல் போட வேண்டும் என்று சொன்னது ஸ்டாண்டில் இவருடன் இருந்த டிரைவர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் இருந்த வக்கீலிடம் அவர்கள்தான் கூட்டிப் போனார்கள். வக்கீல் நடுத்தர வயதுக்காரர். தீர்ப்பு நகலை முழுதாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அடிக்கவே இல்லைன்னு சொல்ல முடியாதும்மா. சாட்சி பலமா இருக்கு. ஆனா தண்டனையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஒரே தப்பு, ஒரே மாதிரி கட்டை. ஒருத்தர் வீட்டுக்குப் போறாரு, ஒருத்தர் உள்ள போறாரு. இதுக்குச் சரியான காரணம் தீர்ப்புல இல்ல. அதைத்தான் நாம பிடிக்கணும்."

"அப்படீன்னா எங்க அண்ணனைப் பத்திப் பேசணுமா சார்?"

"பேசாம எப்படிம்மா? அவரை வெச்சுத்தானே இவருக்கு அநியாயம்னு சொல்றோம்."

அவர் மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் இப்படிக் கிளறினால் அடிபட்டவர் சும்மா இருக்கமாட்டார், அண்ணனுக்குக் கொடுத்த தண்டனை போதாது என்று அவரும் மனு போடலாம். அது நிற்கும் என்று இல்லை. ஆனால் நின்றால் அண்ணனுக்கு ஜெயில், வேலையும் போகும்.

அப்பீல் முடிகிறவரை இவரை வெளியே விடுவதற்குச் சொந்த வீடு இருக்கிற இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பா போன பிறகு எங்கள் காலனி வீடு அம்மா பேரில் இருந்தது. கேட்டேன். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்டி" என்றாள். சொல்லவே இல்லை. மற்றச் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. இவர் உள்ளேயே இருந்தார்.

நான் வக்கீலைப் பார்த்தது எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸ் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. குழந்தைக்கு வாங்கி வந்த பன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பீல் போடு, வேண்டாங்கல. வேற எதையாவது சொல்லிப் போடக்கூடாதா? வக்கீல் செலவு முழுக்க நான் பாத்துக்கறேன். என் பேரை மட்டும் இழுக்காத."

"உங்க பேரு இல்லாம கேஸே இல்லைன்றார் அண்ணா."

"எனக்கு வேலை போச்சுன்னா அம்மாவை யாரு பாக்கறது? அண்ணி மூணாவது மாசம். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்டது வேறு.

"அன்னிக்கு அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினது யாரு அண்ணா?"

அவர் பன் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர், சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர். அவரைக் காட்டிக் கொடுத்துத்தான் என் வீட்டுக்காரரை மீட்க வேண்டும் என்று ஆகியிருந்தது.

இவரிடம் சம்மதம் வாங்கப் போனேன். வலைக்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் வக்கீல் சொன்னதைக் கத்திச் சொன்னேன். அவர் கம்பியில் நெற்றியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார். "மச்சான் பேரு வேணாம். ரெண்டு வருசம்தானே, போயிடும்."

"ஒரே தப்புக்கு உங்களுக்கு மட்டும் ஏன்?"

அவர் பக்கத்தில் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். நான் காதைக் கம்பியில் ஒட்டிக்கொண்டேன்.

"ஒரே தப்பு இல்ல. மச்சான் ஒரு போடு போட்டாரு, தோள்ல. அந்தாளு தடுமாறி மண்ணுல குந்திக்கினாரு. வேணாம் சார்னு கைய தூக்குனாரு. அப்பறம்தான் நான் அடிச்சேன். தூக்குன கை மேல. இன்னாத்துக்கு அடிச்சேன்னு இன்னிக்கும் தெரியல. கை உடைஞ்சது என் அடியில. உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் மணி அடித்தார். நான் வெளியே வந்தேன். ரயிலில் கிண்டி, மீனம்பாக்கம் எல்லாம் போனது தெரியவில்லை. நீதிபதி கொடுத்த காரணம் தப்பு. படிப்பையும் வேலையையும் பார்த்து எடை போட்டது தப்பு. ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒன்றே இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அது தெரியாத கோர்ட்டில் போய், இரண்டும் ஒன்றுதானே என்று நாங்கள் கேட்கப் போகிறோம்.

மருந்துக் கடை மாடிக்குப் போய் வக்கீலிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் காதுல வாங்கிக்கலைன்னு வெச்சுக்குங்க. அப்பீல்ல புதுசா யாரும் சாட்சி சொல்லப் போறதில்ல. எழுதி வெச்சிருக்கறதை வெச்சுத்தான் பேசுவோம். எழுதி இருக்கறது என்ன? எந்த அடியில உடைஞ்சதுன்னு தெரியாது. அவ்வளவுதான்."

"அது சரிங்களா சார்?"

"சட்டப்படி சரி" என்றார். வேறு எப்படிச் சரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த தடவை ஜெயிலுக்குப் போனபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்து அது வீறிட்டு அழுதது, அப்பாவை அடையாளம் தெரியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் இவர் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். குழந்தையை அதற்காகத்தான் கூட்டிப் போனேன்.

அப்பீல் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் வந்தது. பல தடவை வாய்தா தள்ளிப் போய், ஒரு நாள் விசாரணை என்றார்கள். காலையிலேயே போய்விட்டேன். மத்தியானம்தான் எடுப்பார்கள் என்றதும் வெளியே புளியமரத்தடிக்கு வந்தேன். அங்கே அடிபட்டவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் வரச் சொல்லவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள்.

அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூனில். வலது கை மடங்காமல் மடியில் கிடந்தது. சாம்பார் சாதம் ஸ்பூனிலிருந்து சட்டையில் விழ, அவர் மனைவி பேசாமல் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். நான் அங்கிருந்து போயிருக்கலாம். போகவில்லை. கை உடைந்தது என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், வக்கீலிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தக் கையால்தான் ஒரு மனிதர் சாப்பிடுவார் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்க்கவில்லை.

உள்ளே எங்கள் வக்கீல் நன்றாகவே பேசினார். இரண்டு பேரும் ஒரே நோக்கத்தோடு, ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஆயுதத்தால் அடித்தார்கள் என்று கீழ்க்கோர்ட்டே சொல்லியிருக்கிறது, அப்படியிருக்க ஒருவருக்குக் கருணை, ஒருவருக்குச் சிறை என்றால் எப்படி என்றார். அரசு வக்கீல் எழுந்து, முதல் எதிரி, அதாவது என் அண்ணன், படித்தவர், கௌரவமான குடும்பம் என்றார்.

"இவர் சம்சாரம் அவர் தங்கச்சிதானே? அப்ப இவருக்கும் அதே குடும்பம்தானே?" என்று நீதிபதி கேட்டார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வரும்போது அடிபட்டவரின் மனைவி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க வக்கீல் நல்லா பேசினாரும்மா" என்றாள். கிண்டல் இல்லை, களைத்துப்போன குரல். "உங்க அண்ணனுக்கு ஒரு நியாயம், வூட்டுக்காரருக்கு ஒரு நியாயமான்னு கேட்டாரு. எங்களுக்கு இன்னா நியாயம்னு மட்டும் யாரும் கேக்கல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் உறுதி. ஆனால் ஒரே நிலையில் இருக்கிற இரண்டு பேருக்குள் இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் போதாது, அதனால் இதுவரை உள்ளே இருந்த காலமே போதும், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பத்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு இவர் வெளியே வந்தார். டெம்போவை விற்று நஷ்டஈட்டைக் கட்டினோம். அண்ணன் மேல் யாரும் மனு போடவில்லை. அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

வந்த பிறகு இவர் அதிகம் பேசமாட்டார். வேறு ஒருவரின் வண்டியில் கூலிக்கு ஓட்டினார். ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றார். எங்கே என்று கேட்காமலே எனக்குப் புரிந்தது.

அந்த மனிதர் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார். இவர் கைகட்டி நின்றார்.

"சார், நீங்க குந்திக்கினப்புறம் அடிச்சது நான்தான். உங்க கைய உடைச்சது என் அடிதான்."

"தெரியும்" என்றார் அவர்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "கோர்ட்ல தெரியாதுன்னீங்களே சார்?"

"உன்னை மட்டும் சொன்னா உன் மச்சான் தப்பிச்சிடுவான். உன்னைக் கூட்டிட்டு வந்ததே அவன். ரெண்டு பேரும் உள்ள போகணும்னுதான் அப்படிச் சொன்னேன்." அவர் முகம் கோணிக்கொண்டது. "அப்படியும் அவன் வூட்டுக்குப் போயிட்டான்."

இவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார், கேட்டுக்கு வெளியே, தெருவில். அந்த மனிதர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எழுந்து போப்பா, அக்கம்பக்கம் பாக்குது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கேட் கடைசிவரை திறக்கவில்லை. அதன்பின் இரண்டு வருடத்துக்குள் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மேடவாக்கம் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அண்ணன் பல வருடம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அம்மா இறந்தபோது ஒரே பந்தலில் நின்றோம், பேசிக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என் பெண் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் இல்லாமல் சடங்கு எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் அண்ணி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். வருவார் என்று நம்பவில்லை. அண்ணன் சீர்த்தட்டோடு வந்தார், தலை முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது. இவர் எழுந்து போய், "வாங்க மச்சான்" என்றார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கமெல்லாம் போர் தண்ணீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதுவும் பேசவில்லை.

பந்தி முடிந்து கிளம்பும்போது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னைக்கு இருந்த கோபத்துல எந்த அடி எங்க விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியல. நான் போட்ட அடியிலதான் அந்தாளுக்குக் கை போச்சுன்னு நினைச்சு நினைச்சு எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா" என்றார். "என்னால மாப்பிள்ளை உள்ள போய்ட்டாரேன்னுதான் வரத் தைரியம் இல்ல."

இல்லை அண்ணா என்று சொல்ல வாய் திறந்தேன். பின்னால் இவர் யாருக்கோ தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். என் பெண் புதுப் பாவாடையில் தன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பழசெல்லாம் எதுக்கு அண்ணா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.